ஆவுடையப்பன் பிழிந்த சாறு

டாக்டர் நல்லபெருமாள் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் மாணவரானார்.

வாழ்நாள் முழுக்க அறுவை சிகிச்சை செய்தவர். கத்தி பிடித்த கை லேசாக நடுங்கத் தொடங்கியதும், யாரும் சொல்வதற்கு முன்னால் தானே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. குழம்பில் புளி கூட, பொரியலில் உப்பு குறைவு என்று ஆரம்பித்தார். அவர் மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கயாவது போய் எதையாவது படிங்களேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அப்படி அவர் தேடிப் போன குரு டாக்டர் ஜெசிந்தா.

தாமிரபரணிக் கரையோரம் ஒரு மருத்துவமனை. அங்கே புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களின் உபாதைகளைக் கவனிக்கும் பிரிவுக்கு ஜெசிந்தா பொறுப்பாளர். நோயைப் பார்க்கிற டாக்டர்கள் வேறு. நோய்க்குக் கொடுக்கிற மருந்து ஆளைப் படுத்துகிற பாட்டைப் பார்ப்பவர் இவர். வயது நல்லபெருமாளின் மகள் வயதுதான். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார், எங்காவது அனுப்பி வைப்பார் என்று அவரைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு.

முதல் நாள் நல்லபெருமாள் கேட்டார்.

"எனக்கு முதல்ல என்ன சொல்லித் தரப் போறீங்க, டாக்டர்?"

ஜெசிந்தா அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்.

"எத்தன பேனா வச்சிருக்கீங்க, சார்?"

"ரெண்டு."

"ஒண்ண வீட்டுல வச்சிட்டு வாங்க."

நல்லபெருமாள் சிரித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

நல்லபெருமாளிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் முத்துக்கிளி. மலையடிவாரத்து ஊர். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டி வளரும் புற்றுநோய். மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான். எல்லா ஊசியையும் போட்டு முடித்தால் பிழைத்துக்கொள்வார். பாதியில் விட்டால் திரும்ப வரும், வந்தால் பிடிப்பது கடினம். இதை ஒளிவுமறைவில்லாமல் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஊசி போடும் நாளுக்கும் அதை அடுத்த நாட்களுக்கும் மருத்துவமனையை ஒட்டிய விடுதியில் அறை எடுத்துத் தங்குவார். கூட இருப்பவர் கணவர் ஆவுடையப்பன். லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தவர், வண்டியை வேறொருவரிடம் விட்டுவிட்டு இப்போது மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்.

ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று நல்ல சிவப்பு. அதன் பெயர் யாருடைய வாயிலும் நுழையாது. அதனால் நர்ஸிலிருந்து நோயாளி வரை எல்லோருக்கும் அது 'செவப்பு'தான். "இன்னைக்கு செவப்பு உண்டா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். அது ஏறும்போது முத்துக்கிளி கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நல்லபெருமாள் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி.

ஊசிக்கு மறுநாளிலிருந்து சில நாட்களுக்கு ஒரு கைப்பிடி ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான். வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கிவிடும். ஆகவே நல்லபெருமாள் விரலை உயர்த்திக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சாப்பிடாம ஒரு மாத்திரையையும் தொடக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

முத்துக்கிளி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர். டாக்டர் வாந்தியைப் பற்றிக் கேட்டால் வாந்தியைச் சொல்வார். அதற்கு நடுவில் தூக்கத்தை இழுப்பது பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது என்று நினைத்தார். நல்லபெருமாளும் ஒரு நாளைக்கு ஒன்றாகத்தான் கேட்டார்.

வாந்தி என்றார் முத்துக்கிளி. அதற்கு இவர் ஒரு மாத்திரை எழுதினார். அடுத்த நாள் வயிறு கட்டிக்கொண்டது. அதற்கு ஒரு மருந்து. பிறகு பசியில்லை. அதற்கு ஒரு டானிக். தூக்கமில்லை. அதற்கு ஒரு சின்ன மாத்திரை. விரல் நுனி மரத்துப்போகிறது. அதற்கும் ஒன்று. அறுவை மேசையில் ரத்தம் கசிகிற இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டிய மனிதர் அவர். இங்கேயும் அதையே செய்தார். அங்கே ரத்தம் நின்றது. இங்கே ஒன்றும் நிற்கவில்லை.

நாலாவது ஊசி போட்ட மறுநாள் காலை அவர் அறைக்குள் நுழைந்தபோது, முத்துக்கிளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்காமலே பேசினார்.

"ஐயா, இதோட போதும்யா. அடுத்த ஊசிக்கு நான் வரல."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஊசியத் தாங்கிருவேன். இந்தச் சடவு, இந்த அசதி தாங்க முடியல. உக்காந்தாலும் சடவு, படுத்தாலும் சடவு. கண்ண மூடினா தூக்கம் இல்ல. தொறந்தா பயமா வருது. எதுக்குப் பயம்னும் தெரியல."

"மருந்த நிறுத்தினா என்ன ஆகும்னு சொல்லியிருக்கோம்ல?"

"சொன்னீங்க. சாவேன். இப்பவும் அப்படித்தான்யா இருக்கு."

ஆவுடையப்பன் வாசலில் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளங்கையெல்லாம் கருஞ்சிவப்புக் கறை. லாரிக்காரர் கை அப்படித்தான் இருக்கும் என்று நல்லபெருமாள் நினைத்துக்கொண்டார்.

"அவ கிறுக்கச்சி மாதிரி பேசுதாய்யா. நீங்க காதுல வாங்காதீங்க," என்றார் ஆவுடையப்பன். சொல்லும்போதே முகத்தைத் துடைப்பதுபோல் துண்டை மேலே கொண்டுபோனார்.

நல்லபெருமாள் நேராக ஜெசிந்தாவிடம் போனார். தன் நோயாளி பிழைக்க முடிந்தும் சாகத் தீர்மானித்திருக்கிறார் என்பது அவரை உலுக்கியிருந்தது. அறுவைக் கூடத்தில் யாரும் பாதியில் எழுந்து போனதில்லை.

"மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாமா, டாக்டர்?"

"இதுவரைக்கும் குடுத்தது எதுக்கெல்லாம்?"

சொன்னார்.

"இன்னும் ஒண்ணு சேத்தா சரியாயிருமா?"

நல்லபெருமாளின் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

"நாளைக்குக் காலையில அவங்க ரூம்ல போய் உக்காருங்க," என்றார் ஜெசிந்தா. "விடியும்போதே போயிருங்க. எதுவும் கேக்காதீங்க."

"கேக்காம எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"இத்தன நாள் கேட்டுத்தானே தெரியல."

மறுநாள் விடியும் வேளையில் நல்லபெருமாள் விடுதி அறைக்குப் போனார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் போகவில்லை. ஆவுடையப்பன் பதறிப்போய் ஒரே நாற்காலியை அவருக்காகத் துடைத்துப் போட்டார். அவர் வந்த காரணத்தைக் கேட்கத் தயங்கி, தன் வேலையைத் தொடர்ந்தார்.

தரையில் செய்தித்தாள் விரித்து மாதுளம்பழங்களை வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கீறி, முத்துக்களை உதிர்த்து, ஒரு வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தார். பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பிப் பழகிய கைகள். பிழியும்போது கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொட்டு வெளியே தெறிக்காமல் கண்ணாடி டம்ளரில் இறக்கினார்.

"ரத்தம் ஊறும்னு எல்லாரும் சொல்லுதாங்கய்யா," என்றார். "மிக்ஸியில அடிச்சா சத்துப் போயிருமாம். அதான் கையால."

முத்துக்கிளி எழுந்து உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். கணவரைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சுவிடாமல் ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

ஆவுடையப்பனின் முகம் மலர்ந்தது. துணியை அலசிக்கொண்டு, இட்லி வாங்கி வரக் கீழே இறங்கினார்.

அவருடைய செருப்புச் சத்தம் படியில் தேய்ந்து மறையும்வரை முத்துக்கிளி அசையாமல் இருந்தார். பிறகு சுவரைப் பிடித்துக் கழிவறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டார். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அடியில், அவர் வாந்தியெடுப்பது நல்லபெருமாளுக்குக் கேட்டது.

திரும்பி வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அவுகட்ட சொல்லிராதீங்கய்யா."

நல்லபெருமாளுக்குக் கேள்வி நாக்கு நுனியில் நின்றது. கேட்கக் கூடாது என்ற உத்தரவு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். அவர் கேட்காததால் முத்துக்கிளி பேசினார்.

"டம்ளரப் பாத்ததுமே அந்தச் செவப்பு ஞாவகம் வந்துருது. நெறம் அதே நெறம். தொண்டக்குள்ள எறங்கினா ஊசி ஏறுத மாதிரியே இருக்கு."

கட்டிலில் மெல்லச் சாய்ந்தார்.

"வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த மனுசன் எனக்கு ஒரு செம்புத் தண்ணி மோந்து குடுத்ததில்ல. கோவக்காரருதான், கெட்டவருல்ல. யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கல, அவ்வளவுதான். இப்ப விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு உக்காந்து பழம் உரிக்காரு. அந்தத் தாளு சலசலக்க சத்தம் கேட்டாத்தான்யா எனக்கு எந்திரிக்கவே தோணுது. இது சேரலன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவாரு. அப்புறம் ஒரு சாமானத் தொட மாட்டாரு."

இட்லி வந்தது. முத்துக்கிளி பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தார். வாசனை பட்டாலே புரட்டும் என்பது அவர் மூக்கைத் திருப்பிய விதத்திலேயே தெரிந்தது. மாத்திரைகள் ஜன்னல் விளிம்பில் அப்படியே இருந்தன.

நல்லபெருமாளின் கண் அங்கே போனதை அவர் கவனித்தார்.

"ராத்திரி போட்டுக்கிடுவேன்யா. தெனமும் விடாமப் போட்டுருதேன். ராத்திரிதான் ரெண்டு வாய் ரசஞ்சோறு எறங்குது. சாப்பிடாம ஒரு மாத்திரையும் தொடக் கூடாதுன்னு ஐயாதான் சொன்னீங்க."

நல்லபெருமாள் அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய உயர்த்திய விரல் அவருக்கே நினைவுக்கு வந்தது. இரவில் போட்டால் அந்த ஸ்டீராய்டு தூங்கவிடாது. காலையில் போட வேண்டியது அது. இதைச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும் காலையில் சாப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தார்.

ஜெசிந்தா வெளி நோயாளிகளைப் பார்த்து முடிக்கும்வரை வராந்தாவில் காத்திருந்துவிட்டு உள்ளே போனார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க மாத்திரையில எது எதக் கூட்டிட்டு வந்துச்சு?"

நல்லபெருமாள் மெதுவாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கியது. காலையில் சாறு. சாற்றால் வாந்தி. வாந்திக்குத் தான் கொடுத்த மாத்திரை குடலைக் கட்டிப்போட்டது. வயிறு கட்டியதால் இருந்த கொஞ்சப் பசியும் போனது. பசியில்லாததால் சாப்பாடு இரவுக்குத் தள்ளியது. சாப்பாட்டோடு மாத்திரையும் இரவுக்குப் போனது. அதனால் தூக்கம் போனது. தூக்கத்துக்கு என்று தான் கொடுத்தது தூக்கத்தைத் தரவில்லை, பகலைத்தான் மந்தமாக்கியது. விழித்துக் கிடந்த இரவில் பயம் வந்தது. பயந்த வயிற்றோடு காலையில் மறுபடியும் அதே டம்ளர்.

"விரல் மரத்துப்போறது?" என்று ஜெசிந்தா கேட்டார்.

அவர் யோசித்தார். எங்கே பொருத்தினாலும் அது பொருந்தவில்லை.

"அது இதுல சேராது. அது ஊசி மருந்தால நேரா வர்றது."

"ஆமா. அது தனியா வந்த ஆள். அதத் தனியாப் பாருங்க. ஒண்ணா வந்தவங்களத் தனித்தனியா விசாரிச்சா ஒருத்தரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க."

நல்லபெருமாள் எழுந்தார். அவருக்கு உடம்பில் பழைய வேகம் வந்துவிட்டது. எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அவருக்கு எப்போதும் வருகிற வேகம்.

"இப்பவே போய் ஆவுடையப்பன்கிட்டச் சொல்லிடறேன். அந்த ஜூஸ் நின்னாப் போதும்."

"உக்காருங்க, சார்."

"டாக்டர், இன்னைக்கு ராத்திரியும் அவங்க தூங்க மாட்டாங்க. நாளைக்கு ஊருக்குக் கிளம்பிட்டா? அப்புறம் திரும்பி வருவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லதான்."

"பின்ன?"

"அந்த டம்ளருக்குள்ள என்ன இருந்துச்சு?"

"மாதுளைச் சாறு."

"அது மட்டுந்தானா?"

நல்லபெருமாளுக்குக் கோபம் வந்தது. ஒரு உயிர் போகப் போகிறது, இந்தப் பெண் விடுகதை போடுகிறார் என்று நினைத்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த விதத்தில் அது தெரிந்தது. ஜெசிந்தா அதைக் கண்டுகொண்டதாகக் காட்டவில்லை.

மறுநாள் விடியும்போது விடுதிப் படியில் அவருக்கு முன்னால் ஜெசிந்தா ஏறிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் பழம் உரித்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டரம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கும் ஒரு டம்ளர் கெடைக்குமாண்ணே?" என்றார் ஜெசிந்தா.

ஆவுடையப்பன் திகைத்துப் போய்ப் பிழிந்து கொடுத்தார். ஜெசிந்தா ஒவ்வொரு வாயாக ருசித்துக் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார்.

"கையால பிழிஞ்சாத்தான் இந்த ருசி. அண்ணே, கீழ மருந்து கலக்குற ரூம்வரைக்கும் எங்கூடக் கொஞ்சம் வர்றீங்களா? அக்கா படுத்திருக்கட்டும், நீங்க வந்து குடுத்ததும் குடிக்கட்டும்."

மூன்று பேரும் நடந்தார்கள். ஆவுடையப்பன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. பெண்களுக்கு ஊசி போடும் பகுதிக்குள் ஆண்களை விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் மனைவியை வாசலில் விட்டுவிட்டு, மதியம் தாண்டி வாசலிலேயே வாங்கிக்கொண்டு போவார்.

மருந்து கலக்கும் அறைக்கு ஒரு கண்ணாடிச் சுவர். உள்ளே முகக் கவசமும் கையுறையும் அணிந்த நர்ஸ், அன்றைக்கு வேறு யாருக்கோ போக வேண்டிய மருந்துகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். தட்டில் ஒரு பெரிய சிரிஞ்சை வைத்தார்.

ஆவுடையப்பன் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தார். "என்னம்மா அது, ஜூஸ் மாதிரி இருக்கு?"

"செவப்பு," என்றார் ஜெசிந்தா. "அக்காவுக்கு ஏறுறதும் இதுதான்."

"இதா செவப்பு? பேரக் கேட்டிருக்கேன். கண்ணால பாத்ததில்ல."

சிரித்தபடிதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையை எடுக்காமலே கேட்டார்.

"இது ஏறும்போது அவ பாத்துக்கிட்டே இருப்பாளா?"

"இல்ல. கண்ண இறுக மூடிக்குவாங்க."

ஆவுடையப்பன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"எங்கிட்டயும் கண்ண மூடித்தான் குடிக்கா," என்றார். "ருசிச்சுக் குடிக்கான்னுல்லா நெனச்சேன்."

நல்லபெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அடங்கிவிட்டார்.

"அந்தக் கொழாயத் தொறந்து விடுவா," என்றார் ஆவுடையப்பன். "கீழ எறங்கி நிக்கும்போது எனக்குத் தண்ணி சத்தம் கேக்கும். காலையில எதுக்கு இம்புட்டுத் தண்ணி புடிக்கான்னு திட்டியிருக்கேன், டாக்டரம்மா."

அவர் சத்தமில்லாமல் அழுதார். ஜெசிந்தா அவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றார். அவசரப்படுத்தவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

அன்று காலை முத்துக்கிளிக்குச் சாறு வரவில்லை. விடுதியின் பொதுச் சமையலறையிலிருந்து, கொஞ்ச நேரத்தில், தீய்ந்த வாசனைதான் வந்தது.

ஆவுடையப்பன் கொண்டுவந்தது அரிசிக் கஞ்சி. அடிப்பிடித்திருந்தது. இடையிடையே கட்டி. உப்பு ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் இல்லவே இல்லை. ஓரத்தில் உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டு. ஆறவைத்து எடுத்து வந்ததால் வாசனை அதிகம் எழவில்லை.

முத்துக்கிளி வெள்ளைக் கஞ்சியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"மாதுள எங்க?"

"கடையில இல்ல."

ஜன்னலுக்கு நேர் கீழே தள்ளுவண்டியில் மாதுளம்பழம் குவிந்து கிடந்தது. முத்துக்கிளி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டு நாரத்தங்காயைக் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கஞ்சியைக் குடித்தார்.

"அடிப்புடிச்சிருச்சு," என்றார் ஆவுடையப்பன்.

"நாளைக்குத் தண்ணி கூட ஊத்துங்க. தீயக் கொறச்சு வைங்க."

"நாளைக்குமா?"

"பின்ன?"

கஞ்சி தங்கியது. சிறிது நேரம் கழித்து முத்துக்கிளி, நல்லபெருமாள் சொன்னபடி, ஸ்டீராய்டு மாத்திரைகளைக் காலையிலேயே விழுங்கினார். நல்லபெருமாள் தான் எழுதிக் கொடுத்தவற்றில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று இரவே எல்லாம் நேராகிவிடவில்லை. முத்துக்கிளி விடிய விடியப் புரண்டுதான் படுத்தார். அதற்கடுத்த இரவு கொஞ்சம் தூங்கினார். பயம் போகவில்லை, ஆனால் ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தது. சடவு பாதி குறைந்தது, பாதி இருந்தது. விரல் மரத்தது மரத்ததுதான்.

அடுத்த ஊசியைப் பற்றி அவரிடம் யாரும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தார். அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஊசி நாள் வந்தது. காலையிலிருந்து நல்லபெருமாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். மற்ற நாற்காலிகள் எல்லாம் நிரம்பின. முத்துக்கிளியின் நாற்காலி காலியாகவே இருந்தது. வெயில் ஏறியது. நர்ஸ் வந்து, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றார் நல்லபெருமாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். தன் வாழ்நாளில் எந்த நோயாளிக்காகவும் அவர் இப்படி வாசலைப் பார்த்து நின்றதில்லை.

கடைசியில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. முத்துக்கிளி இறங்கினார். பின்னால் ஆவுடையப்பன், கையில் ஒரு தூக்குவாளி.

"பஸ்ஸ விட்டுட்டோம்யா," என்றார் முத்துக்கிளி. "இவுகதான், கஞ்சிய முழுசாக் குடிச்சாத்தான் கெளம்பணும்னு நின்னுட்டாக."

ஜெசிந்தா அந்த நாற்காலியைச் சுற்றித் திரை போடச் சொல்லியிருந்தார். திரைக்குள் ஆவுடையப்பனுக்கும் ஒரு ஸ்டூல். சிவப்பு வந்தது. முத்துக்கிளியின் முகம் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. ஆவுடையப்பன் எழுந்து, மாதுளங்கறை இன்னும் முழுசாகப் போகாத தன் கையால் மனைவியின் கண்களை மூடினார்.

"நீ பாக்காத. முடியிற வரைக்கும் நான் பாக்கேன்."

மருந்து ஏறி முடியும்வரை அந்தக் கை நகரவில்லை.

மாலையில் ஜெசிந்தாவும் நல்லபெருமாளும் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்கள். நல்லபெருமாள் நின்றார்.

"டாக்டர், ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது. கேக்கலாமா?"

"கேளுங்க, சார்."

"காரணம் தெரிஞ்ச அன்னைக்கே நான் போய், ஜூஸ நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். நீங்க விடல. சொல்லியிருந்தா, ஒரு ராத்திரி முன்னாடியே அவங்க தூங்கியிருப்பாங்க."

ஜெசிந்தா விடுதியின் பக்கம் பார்த்தார். மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. யாரோ கீழே பொதுச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"தூங்கியிருப்பாங்க, சார்," என்றார். "காலையில எதுக்காக எந்திரிச்சிருப்பாங்க?"